இரண்டு பல் பின்னால்

ஹெரால்டுக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும்,
மூடிக்கொள்ளத் தெரியாது என்பார் மெக்கானிக் பாபாஜான்.
பானெட்டின் கொக்கி இரண்டும் வெளியில்.
எவன் வேண்டுமானாலும் விலக்கி
முகத்தை அப்படியே தூக்கி நிறுத்திக்
குடல்வரைக்கும் பார்க்கலாம்.
கதவோ
எங்கள் பீரோ சாவிக்கே திறந்துகொள்ளும்.

போன சீசனில் பர்கூர்ப் பக்கம் ஒரு பழைய பியட் போனது.
ஓட்டிக்கொண்டு போகவில்லை.
மாங்காய் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டி
டோல்கேட்டில் பணம் கொடுத்து
ரசீதும் வாங்கிக்கொண்டு போனார்களாம்.

அன்றிலிருந்து முனிரத்தினம்
இரவு பத்து மணிக்கு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார்.
உள்ளே ரோட்டர்.
கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம்,
தலையில் பித்தளைத் தகடு.
அது இல்லாவிட்டால்
எந்தப் பக்கம் போவதென்று பொறிக்குத் தெரியாது.
அதைத் துடைத்து எடுத்துவந்து
தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்.
ஸ்டீயரிங்குக்கு எருமைச் சங்கிலி.

அதுவும் போதவில்லை.
என்னைக் காவேரிப்பட்டணத்தில்
தங்கை வீட்டு வளைகாப்புக்கு அனுப்பிவிட்டு
அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரகசிய சுவிட்சும் வைத்துவிட்டார்.
எங்கே என்றேன்.
தெரிஞ்சா நீ சொல்லிடுவே.
யார்கிட்ட?
அதற்குப் பதில் இல்லை.
ஃபேனைக் கூட்டிவைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாதம், கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி.
மலை தெரியாத அளவு பனி.
விடிந்து பார்த்தால்
பழையபேட்டைச் சரிவில், ரேஷன் கடைத் திருப்பத்தில்
சாக்கடையைப் பார்த்தபடி நிற்கிறது வண்டி.
தள்ளிப் பார்த்திருக்கிறார்கள்.
சங்கிலி வெண்டைக்காய்போல் நறுக்கென்று வெட்டியிருந்தது.
தரையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், மஞ்சள் பிடி,
எங்களிடம் இருப்பதைவிட நல்லது.
டிரைவர் சீட்
இரண்டு பல் பின்னால் போயிருந்தது.
நெட்டையான ஆள்.
என் வீட்டுக்காரரைவிட நெட்டை.

ஸ்டேஷனில் ஏட்டையா கேட்டார், என்னம்மா போச்சு?
ஒண்ணும் போகலீங்க.
அப்ப வண்டி நகர்ந்துச்சுன்னு எழுதிக்கட்டுமா?
பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

நான் மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
ஏழு ரூபாய் உதைத்தால்
ஏழு ரூபாயும் கிடைக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.
மூன்று மதியம் ஆனது.
ஆஷ்ட்ரேயை முழுசாக வெளியே இழுத்தால்
பின்னால் விரல் படும் இடத்தில்
சின்னதாக ஒரு 'டிக்'.
சிவப்பு விளக்கு அணைகிறது.
இன்னொரு டிக். எரிகிறது.
ஆஷ்ட்ரேயை உள்ளே தள்ளிக்
கைரேகையை முந்தானையால் துடைத்தேன்.
சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
திருடன் விட்டுப்போன அந்த மஞ்சள் பிடியை வைத்து
நானாக ஒன்று செய்தேன்.
பாபாஜான் தேவைப்படவில்லை,
பத்து நிமிட வேலை.
என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை, ராயக்கோட்டையில் முகூர்த்தம்.
வெள்ளைச் சட்டை போட்டு
ரோட்டரை மாட்டி
நான் பார்க்காதபடி ஆஷ்ட்ரே வேலையையும் முடித்துச்
சாவியைத் திருப்பினார்.
கர்.
கர் கர் கர்.
இறங்கி முகத்தைத் தூக்கினார்.
எதிர்வீட்டு நாகவேணி எட்டிப் பார்த்தாள்.
பால்காரர் சைக்கிளை நிறுத்தி
பெட்ரோல் இருக்கா என்று கேட்டுச் சூடாக ஒன்று வாங்கிக்கொண்டார்.
சட்டைக் கையில் முதல் கறை.

நான் கேட்டைப் பூட்டி
மொய்க்கவரைப் பையில் வைத்து
நிதானமாக இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தேன்.
இன்னொரு தடவை பாருங்களேன்.

பிடித்துக்கொண்டது.
டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.
பாத்தியா, என் கை பட்டாத்தான் கேக்கும்.
ஆமாம் என்றேன்.

சீட் மட்டும்
அந்த இரண்டு பல்லிலேயே இறுகிக்கொண்டது,
எண்ணெய் விட்டும் முன்னால் வரவில்லை.
கிளட்ச் எட்டுவதற்கு
முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறார்,
ராத்திரி ரோட்டருக்கு மேலே இருக்கிற
அதே தலையணை.