இரண்டு விரற்கடை

இந்த மோட்டார் நிற்கிறது என்று
இதுவரை ஏமாந்தவர்கள் மூன்று பேர்.
மூன்றாமவர் சவரிராயன்,
துடைக்கும் பஞ்சோடு கையையே நீட்டிவிட்டார்.
சட்டையைப் பிடித்து இழுத்ததில்
பொத்தான் ஒன்று போனது. விரல்கள் மிச்சம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
தலைக்குமேல் பழைய சோக் போட்ட ட்யூப் லைட்
நொடிக்கு நூறு தடவை சிமிட்டுகிறது.
இருபது துருவம், நொடிக்கு ஐந்து சுற்று.
ஒரு சிமிட்டலுக்குள் ஒரு துருவம் எழுந்துபோக
அடுத்தது அதே இடத்தில் அமர்ந்துவிடுகிறது,
ஆள் மாறி ஆள் மாறிக்
காலியே ஆகாத
கடலூர் - சிதம்பரம் பேருந்தின் ஜன்னல் சீட் மாதிரி.
பார்ப்பவருக்கு
நாலு டன் இரும்பு அசையாமல் இருக்கிறது.

மறுநாளே வலைத்தடுப்பு அடித்துவிட்டோம்.
விளக்கையும் மாற்றச் சொன்னார் சேஃப்டி ஆபீசர்.
மாற்றுகிறேன் என்றேன்.
ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

சுமை ஏறும்போது நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.
கம்ப்ரஸரில் காற்று அழுந்த அழுந்த
நின்ற துருவங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து
இரண்டு விரற்கடை பின்வாங்கும்.
ஈ உட்கார்ந்த கன்றுக்குட்டித் தோலாக
லேசாகச் சிலிர்த்து
அங்கேயே நின்றுகொள்ளும்.
வேகம் குறையவில்லை. முன்னூறு என்றால் முன்னூறு.
இடம்தான் சற்றுப் பின்னே.
சுமைக் கோணம் என்று பரீட்சைக்குப் படித்தது
குடிகாட்டில், ஒரு ஷெட்டில்,
கண்ணால் பார்க்கக் கிடைத்தது எனக்கு.

பம்ப் ஹவுஸில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார்.
கடன் கொடுக்கும்போதே வட்டியைக் கழிப்பவர்போல்
சுமை ஏறினால் வேகத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.
அதோடு பேரம் பேசலாம்.
இதற்குப் பேரம் தெரியாது.
சேர்ந்தால் ஓடும். இல்லையென்றால் இல்லை.

தணிகாசலத்துக்கு நெய்வேலியில் இரவு ஷிஃப்ட்.
அவன் டர்பைன் பத்துச் சுற்று சுற்ற
என் மோட்டார் ஒன்று சுற்றும்.
நடுவில் வடலூர், குறிஞ்சிப்பாடி,
நாற்பது சொச்சம் கிலோமீட்டர் கம்பி.
இந்த மாதம் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டது
நாலு வேளை.
நடுராத்திரியில் போனில் ஒரு எண் வரும்:
49.97.
என் மீட்டரைப் பார்த்துவிட்டு
ஆமாம் என்று அனுப்புவேன்.

கார்த்திகையில் ஒருநாள்
உப்பனாற்றுப் பக்கமிருந்து மழையோடு உப்பும் வந்தது.
ஸ்லிப் ரிங்கில் பூத்து
கார்பன் பிரஷ்ஷை ஒட்டவிடாமல் செய்தது.
நூற்றுப் பதினெட்டு ஆம்பியர் டி.சி.
எழுபதுக்கு இறங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை,
எனக்கும்தான்.
பிறகு துருவங்கள் பின்னோக்கி நடக்கத் தொடங்கின.
முதலில் எண்ணும்படியாக.
ஐந்து எண்ணியிருப்பேன்.
மீட்டர் முள் இரண்டு சுவருக்கும் மோத,
பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ உதைக்கும் சத்தம்,
ட்ரிப்.
அதன் பிறகு
தகரத்தில் மழை மட்டும்.

ரிங்கைத் தேய்த்து, பிரஷ் மாற்றி,
நகக்கண்ணெல்லாம் கரியாக
எழுந்தபோது மணி இரண்டே முக்கால்.
சுமையில்லாமல் கிளப்பினோம்.
இருநூற்று எண்பத்தைந்தில் நொண்டிக்கொண்டிருந்தது,
துருவங்கள் பின்னால் ஒழுகியபடி.
டி.சி. கொடுத்தேன்.
தரை ஒருமுறை அதிர்ந்தது.
ஒழுகல் மெதுவாகி, மெதுவாகி,

"நின்னுடுச்சு மேடம்!" என்று கத்தினார் சவரிராயன்,
ஓடுகிறது என்பதை
அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

காலையில் தணிகாசலத்திடம் சொன்னேன்,
இரண்டு மணி நேரம் நான் உன் கணக்கில் இல்லை என்று.
அவன் பக்கம் ஒரு முள்ளும் அசையவில்லையாம்.

அசைந்திருக்கலாம்,
கொஞ்சம்.