பத்து மணி வரை

பெருமாள்மலைச் சாவடியில் எனக்கு
ஞாயிற்றுக்கிழமை டூட்டி.
சீசன் முடியும் மட்டும்
பின்னால் எதையாவது மாட்டி இழுத்து வரும் வண்டி
இரவு பத்துக்கு முன் மேலே போகக் கூடாது.
ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க், குதிரைப் பெட்டி,
யாருடையதானாலும்.
உத்தரவுத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்
கம்பத்தில் கட்டியிருக்கிறோம்.
பனி உள்ளே புகுந்து எழுத்து ஊறிவிட்டது.
எனக்கு அதைப் படிக்கத் தேவையில்லை.

ஜெர்மனியில், உல்ம் என்ற ஊருக்கு வெளியே
இதே மாதிரி ஒரு சட்டம்தான்
ஞானப்பிரகாசத்தை நிறுத்தி வைத்திருந்தது
மூன்று வருஷம், வாராவாரம்.

வேன் மட்டும் என்றால் போகலாமாம்.
வேனுக்குப் பின்னால் டிரெய்லர் சேர்ந்தால்
அது லாரிக் கணக்காம்,
லாரிக்கு ஞாயிறு ஓட்டம் கிடையாதாம்.
"கொக்கி மாட்டினா ஒரு சட்டம், கழட்டினா ஒரு சட்டம்"
என்று சிரிப்பார்.
சனி நள்ளிரவிலிருந்து மறுநாள் இரவு பத்து வரை
பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
போலந்துக்காரர்கள் சட்டை காயப்போடும் வேலியோரம்
சும்மா நிற்க வேண்டும்.

சும்மா நிற்கிறவருக்கு என் நம்பர் ஞாபகம் வரும்.

பூசை முடிந்து நான் வீடு வரும்போது
அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.
கண்ணாடியில் போனைச் சாய்த்துவிட்டு
ஒற்றை அடுப்பில் முட்டை உடைப்பார்.
நான் இங்கே மத்தி கழுவுவேன்.
பேச ஒன்றும் இருக்காது.
பேரிக்காய் விலை சொல்வேன்.
ஊத்துப் பாதையில் காட்டுமாடு
பஸ்ஸை மறித்து நின்ற கதை சொல்வேன்.
அவர் டிரெய்லரில் இந்த வாரம் என்ன என்பார்.
ஒரு தடவை, பிரிந்துபோகும் தம்பதியின் சாமான்.
"பியானோ அந்த அம்மாவுக்கு. உட்காருற ஸ்டூல் அவனுக்கு.
ரெண்டையும் ஒரே கயித்துல கட்டியிருக்கேன், சலேத்."

இன்னொரு தடவை பேச்சின் நடுவே தூங்கிவிட்டார்.
நாலு மணி நேரம்
அந்த வாய் திறந்த தூக்கத்தை
அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு
துணி மடித்தேன், விளக்குமாற்றைக் கட்டினேன்,
சத்தம் வராமல் பாத்திரம் கழுவினேன்.
சார்ஜ் தீர்ந்த பிறகுதான் வீட்டில் தனியானேன்.

தை மாசம் வேலை மாறியது.
சின்ன வேன். டிரெய்லர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து.
நானூறு யூரோ கூட.
"இனி எந்த நாளும் நிக்க வேண்டாம்" என்றார்,
ஜெயிலிலிருந்து வந்தவர் மாதிரி.
எனக்கும் சந்தோஷம்தான்.
என் பெயர்க்காரிக்கு, சலேத் மாதாவுக்கு,
ஒரு பாக்கெட் மெழுகுவத்தி.

அதற்குப் பிறகு அவர் எந்த நாளும் நிற்கவில்லை.
"ஓட்டிட்டிருக்கேன். அப்புறம்."

இன்று மூன்றரைக்கு
பூம்பாறை வேலப்பனின் வேன் வந்தது, பின்னால் ஜெனரேட்டர்.
காதுகுத்து வீட்டில் கரண்ட் இல்லையாம்.
எஸ்.ஐ.யைத் தெரியுமாம். என்னையும் தெரியுமாம்.
தாளைக் காட்டினேன்.
"எழுத்தே இல்லையேக்கா இதுல."
"இருந்துச்சு."

கதவை அறைந்தான். டீ வாங்கினான், குடிக்கவில்லை.
கல்லில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டான்.
முதலில் கத்தினான்.
பிறகு குரல் இறங்கியது.
பிளம்ஸ் கூடைக்காரிகள் தார்ப்பாயை இழுத்து மூடும்போது
"சாப்டியா" என்றான், அது மட்டும் கேட்டது.
அரை மணி, முக்கால் மணி.
டீயில் ஆடை படிந்துவிட்டது.

எழுந்து வந்தான்.
"அக்கா, கழட்டிட்டா?"
"வேன் மட்டும்னா போகலாம்."
என் வாயால்தான் சொன்னேன்.

சக்கரத்துக்குக் கல் கொடுத்தான்.
"பத்துக்கு வந்து எடுத்துக்கறேன். பாத்துக்கங்க."
கம்பத்தைத் தூக்கினேன்.
பாரமில்லாமல் ஏறியது வேன்,
வளைவில் ஹார்ன்கூட அடிக்காமல்.

ஜெனரேட்டர் இங்கே நிற்கிறது,
கொக்கி ஒரு செங்கல் மேல்.
மணி ஏழு. அங்கே மூன்றரை.
தூறல் விழுகிறது.
டூட்டிக் கோட்டைக் கழற்றி
அதன் மேல் போட்டேன்.