எண்பத்தொன்பது டிகிரி

ஏழு மணிக்கு வாசல் பணி.
கறுப்புக் கண்ணாடி வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன.
தூதரகக் கொடி செருகிய ஒன்றிலிருந்து
ஹே-வொன் இறங்குகிறான், ஒரு காலில் மட்டும் காலுறை.
"வீட்டுப்பாடம், புரொஃபே, நேற்று ராத்திரி..."
குளிர்கிறது, பொய்யை உள்ளே போய்ச் சொல், என்கிறேன்.

லா பாஸ் பள்ளத்தின் அடியில் எங்கள் பள்ளி.
அடி என்றாலும் மூவாயிரத்து முந்நூறு மீட்டர்.
வந்த புதிதில், இரண்டு மாடி ஏறி
பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
சுவாச மண்டலம் நடத்தினேன், மூச்சில்லாமல்.
பின்வரிசையில் ஒருத்தி எழுந்து வந்து
தன் ஃபிளாஸ்க் மூடியில் கோக்கா இலைத் தேநீர் ஊற்றி நீட்டினாள்.
ஷிமேனா.
அந்தக் கடன் அப்படியே இருக்கிறது.

ஆய்வக உதவியாளர் எலியோதோரோ மேலேயிருந்து வருகிறார்.
மேலே என்றால் எல் ஆல்ட்டோ.
மஞ்சள் கம்பிவண்டி, மாறி பச்சை.
தகரக் கூரைகளுக்கும் துணி உலர்த்துகிறவர்களுக்கும் மேலாகத்
தொங்கியபடியே இறங்கி
முதல் மணிக்குள் முகவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

சல்ஃப்யூரிக் அமிலம் கேட்டு எழுதிய விண்ணப்பம்
நான்காவது மாதமாக எவர் மேசையிலோ.
இங்கே அதற்கு வேறு உபயோகமும் உண்டாம்,
அதனால் பதின்மூன்று கேள்விகள்.
'பயன்படுத்துவோர் வயது?'
பதினொன்று, என்று எழுதினேன்.
அதுவரை எலுமிச்சம்பழம்.

இன்றைக்குக் கொதிநிலை.
ஆறு மேசை, ஆறு அடுப்பு, ஆறு வெப்பமானி.
பாடநூல் எங்கோ கடற்கரை நகரத்தில் அச்சாகி
கப்பலும் லாரியும் ஏறி வந்தது: நூறு என்கிறது.
எஸ்பென் கத்துகிறான், எண்பத்தொன்பது.
அடுத்த மேசை, எண்பத்தொன்பது.
ஹே-வொன் எண்பத்தெட்டரை, அவனுக்கு எதிலும் அரை குறையும்.
ஷிமேனாவின் ஏட்டில் மட்டும் நூறு.
சிவப்புக் கோடு அவள் கண்ணெதிரே
எண்பத்தொன்பதில் நிற்கிறது, தண்ணீர் தளதளக்கிறது.
ஏன்?
"நூறு வரவில்லை, புரொஃபே.
நான்தான் எதையோ தப்பாகச் செய்திருக்கிறேன்."

உடைந்த சோதனைக்குழாயைக் கூட்டிக்கொண்டிருந்த எலியோதோரோ
நிமிராமலே சொன்னார்:
"எங்கள் வீட்டில் எண்பத்தாறு."
வகுப்பு திரும்பிப் பார்த்தது.
"ஒரு சனிக்கிழமை எடுத்துப்போனேன்.
திங்களன்று திருப்பி வைத்துவிட்டேன்.
உருளைக்கிழங்கு ஏன் வேக மாட்டேன் என்கிறது என்று
என் மனைவிக்குத் தெரிய வேண்டியிருந்தது."

பலகையில் எழுதினேன்: கடல் மட்டத்தில், நூறு.
யாரோ சொன்னார்கள், எங்களுக்குத்தான் கடல் இல்லையே.
சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.
மார்ச்சில் இவர்கள் வெள்ளைச் சட்டையில் அணிவகுப்பார்கள்,
போரில் போன கடற்கரைக்காக,
இவர்களின் தாத்தாக்களும் பார்த்திராத அலைகளுக்காக.
இது அறிவியல் வகுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
காற்றின் எடையை வரைந்தேன், அம்புக்குறிகளாக,
எல் ஆல்ட்டோவுக்குச் சின்ன அம்பு.

பிற்பகல் முழுக்க மற்ற வேலைகள்.
காய்ச்சலில் விழுந்த ஓவிய ஆசிரியருக்குப் பதிலாக ஒரு பீரியட்,
காந்தத்தை விழுங்கியதாகப் புரளி,
அலுவலகத்திலிருந்து மூன்றாவது நினைவூட்டல்:
'அடுத்த ஆண்டும் தொடர்கிறீர்களா? ஆம் / இல்லை.'
கடல் தாண்டி வந்த மாதிரித் தேர்வுத்தாள்.
நான்காம் கேள்வி, நீரின் கொதிநிலை, ஒரு மதிப்பெண்.
விடைக்குறிப்பில் ஒரே ஒரு எண்.
அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுப்
பேருந்துப் பணிக்கு ஓடினேன்.

திரும்பி வந்து ஏடுகளைப் புரட்டியபோது
ஷிமேனா நூறை அழித்திருக்கவில்லை.
நான் சொல்லிக்கொடுத்தபடி ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது தெரியும்படி.
பக்கத்தில் எண்பத்தொன்பது.
அதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பொருட்பதிவேட்டை எடுத்தேன்.
வெப்பமானி, எண் ஏழு.
பெறுபவர்: எலியோதோரோ.
காரணம்: உருளைக்கிழங்கு.
திருப்பும் தேதி என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன்.