இருபத்துமூன்றாம் படம்

புரட்டாதி கடைசி.
வீரைமுறிப்புக் குளத்தில் நாலடித் தண்ணீர்.
மிச்சம் வெடித்த சேறு, எருமைக் குளம்பு,
கொக்கு நடந்த கணக்கு,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

திணைக்களத் தாளில் இப்படி இருந்தது:
பழைய துருசு. அலைகரைப் பக்கம் நாலு படம்,
வயற்பக்கம் நாலு. சில்லு, தண்டு, கதவு,
வாய்க்கால் முகம், சுற்றுப்புறம்.
அளவுகோல் தெரியவேண்டும்.
ஆட்கள் தெரியக்கூடாது.

கோல் பிடிக்க வந்தவள் இராசமலர், நாட்சம்பளம்.
நட்டுவிட்டு விலகு என்றேன்.
கட்டில் அடித்த கச்சான் காற்றில்
கோல் நிற்கவில்லை.
ஆகையால் எல்லாப் படத்திலும்
ஓரத்தில் ஒரு கை,
கையில் மஞ்சள் றபர் வளையம்.
"பிறகு கையை வெட்டிப்போடுவியளோ?"
கொம்பியூட்டரில், என்றேன்.
"அது நோகாது."

ஒன்பதாவது படம் கல்வெட்டு.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து...
கடைசி எண்ணைப் பாசி தின்றுவிட்டது.
கட்டியவர்கள் பெயர் இல்லை.
சில்லு வார்த்த கம்பனியின் பெயர் இருக்கிறது,
அதுவும் பாதி.

வயற்பக்கச் சுவரில் வெயில் சாய்வாக விழுந்தபோது
துளைகள் தெரிந்தன.
மருதமர நிழல் விலகும்வரை
அவை வெறும் நிழலாகத்தான் இருந்தன.
தாளைப் புரட்டினேன்.
விரிசல் என்றொரு கட்டம், அரிப்பு என்றொரு கட்டம்,
துரு, கசிவு, மரவேர்.
இதற்குக் கட்டம் இல்லை.
கோல் பெரிது, துளை சிறிது.
இராசமலர் ஒன்றும் கேட்காமல்
அளவுக்குத் தன் சுண்டுவிரலை நுழைத்தாள்.
மற்றதில் மோதிரவிரல்.
மூன்றாவதில் விரல் போகவில்லை.
குளவி மண் வைத்து அடைத்திருந்தது.
எண்ணினோம்.
'ஏனையவை' என்ற கோட்டில் எழுதினேன்:
குளவிக்கூடு, பதினாலு.

கடைசிக் கேள்வி: இயங்குகிறதா?
ஆம், இல்லை. ஒன்றை வெட்டிவிடவும்.
சிறுபோகம் முடிந்துவிட்டது, தண்ணீரை வீணாக்கினால்
சங்கத் தலைவர் ஊரைக் கூட்டுவார்.
அரைச் சுற்று மட்டும், என்றாள் அவள்.
சில்லு அசையவில்லை.
மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றினோம்,
அதட்டினோம், ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம்.
கமரா என் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
இரும்பு முதலில் இருமியது.
பிறகு கட்டுக்குக் கீழே, இருட்டில்,
எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று
தொண்டையைத் திறந்தது.
வாய்க்காலில் காய்ந்த பாலையிலைகள்
எழும்பி ஓடின. தவளை ஒன்று
அவற்றின் முன்னால்.

எப்போது அமுங்கியதோ தெரியாது.
இரவு வவுனியா அறையில் பார்த்தேன்,
இருபத்திரண்டுக்குப் பிறகு இன்னொரு படம்:
சில்லின் ஒரு ஆரை, என் சப்பாத்து நுனி,
எண்ணெய் வழியும் அவள் ஐந்து விரல்,
கீழே கலங்கலாக ஒரு வெள்ளைக் கோடு.
கோல் இல்லை. ஆள் இருக்கிறது.
'இயங்குகிறது: ஆம்' என்பதற்கு
அதையே சாட்சியாக இணைத்தேன்.

கார்த்திகையில் பதில் வந்தது.
குளவிக்கூடுகளை அகற்றவும்.
இருபத்துமூன்றாம் படம் தெளிவில்லை,
மீண்டும் எடுத்து அனுப்பவும்.

போனேன்.
குளம் பதினேழடி. வான் பாய்கிறது.
துருசு தண்ணீருக்குள்.
சில்லின் மேல்வளைவு மட்டும் வெளியே,
அதில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து
உலர்த்திக்கொண்டிருந்தது.
கமராவை எடுத்தேன்.
மழை தொடங்கியது.