ஏழாம் பொருள்

பதினோரு வருடக் கூட்டக் குறிப்பேடுகளில்
என் கையெழுத்து சாய்ந்துவிட்டது.
ஒரு வரி மட்டும் அப்படியே நிற்கிறது:
"ஏழாம் பொருள், வடக்குக் கிளைகள்.
உறுப்பினர் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டது."

இல்லாமல் என்ன.
போர்ட் லூயி அலுவலகத்து இரண்டாம் மாடியில்
ஐந்தே முக்கால் வரை இருந்தோம்.
மூன்றாம் பொருள் தலைவரின் ஜெனீவா பயணம்.
நாலாம் பொருள் அந்தப் பயணத்தின் செலவு.
ஐந்தாவது பாதியில் நிற்கையில்
இமிக்ரேஷன் சதுக்கத்தில் குட்லண்ட்ஸ் பஸ் உறுமும்,
கடைசி பஸ்.
நாங்கள் குடையைத் தேடுவோம்.

ஒருமுறை மொரீன் படிக்கட்டிலிருந்தே கத்தினாள்:
"ஏழை முதலில் வையுங்கள்!"
அவள் கத்தியது கிரியோலில், அது வெறும் எண்.
மனதுக்குள் தமிழாக்கிய எனக்கு மட்டும்
சிரிப்பு வந்தது,
பஸ்ஸில் பாதி வழி வரைக்கும்.

இந்த நவம்பரில்
இருநூற்றுப் பன்னிரண்டு கையொப்பங்களுக்குப் பிறகு
கூட்டம் எங்களிடம் வந்தது.
குட்லண்ட்ஸில் கல்யாண ஹால், நேற்றைய ஜிகினா தரையில்.
வேறு நாற்காலி இல்லாமல்
மணப்பெண்ணின் தங்கச் சிங்காசனத்தில் தலைவர்.
ஜன்னல் வழி கரும்புச் சாம்பல்,
அவருடைய வெள்ளைச் சட்டையில் மட்டும் தெரிந்தது.

கிராண்ட் பே ஹோட்டல் சலவையறைத் தேவநாயகி,
வெட்டு முடிந்து கைவிரல் விரியாத பெல் வூ பெண்கள்,
எங்கள் தையல் தளம் மொத்தமும்.
பின் பெஞ்சில் ஆறு பேர், நாராயண்கஞ்சிலிருந்து வந்தவர்கள்.
அவர்களில் ரஹிமா எழுந்து
படித்துவைத்த கிரியோலில் சொன்னாள்:
"ராத்திரி ஷிஃப்ட் விட்டதும் வண்டி வேண்டும்.
மூன்று கிலோமீட்டர். விளக்கில்லை. நாய்கள்."
அவ்வளவுதான் தீர்மானம்.

கைகள் எழுந்தன.
எண்ணுவது மட்டும் நான் தமிழில்தான்.
நாற்பத்தேழு, என்றேன்.
"நாற்பத்தொன்று," என்றார் தலைவர்.
"ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு வாக்கில்லை."
சந்தா?
"சந்தா உண்டு."

மொரீன் கையை இறக்கினாள்.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்
பின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.
"அப்படியானால் நானும் சந்தா மட்டும்."
தேவநாயகி போனாள்.
பெல் வூ பெண்கள் பேசிக்கொள்ளவேயில்லை, போனார்கள்.
நாற்காலிக் கால்கள் தரையைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தைக்
குறிப்பேட்டில் எப்படி எழுதுவது?

முப்பத்தொன்று, முப்பது, இருபத்தாறு.
கோரம் நாற்பது.
தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார்,
மூடினார், மறுபடி திறந்தார்.
கோரம் இல்லாவிட்டால் கூட்டமே இல்லை,
நடந்தது எதுவும் நடக்கவில்லை,
ஜெனீவா உட்பட.

பொருளாளர் கியூர்பிப்பில் விருந்தென்று
காரோடு நாலு மணிக்கே கிளம்பியிருந்தார்.
தெருமுனையில் போர்ட் லூயி பஸ் உறுமியது.
விதியில் விரலை வைத்தபடி
தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.
நாங்கள் யாரும் குடையைத் தேடவில்லை.

அது போய்விட்டது.

"அடுத்த கூட்டத்தில் பேசலாம்," என்றார்.
எங்கே, என்று கேட்டேன், எழுத வேண்டுமே.
பதில் வரவில்லை.
ரஹிமா ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.
வாசலில் நின்று அவரிடம் வழி சொன்னாள்:
டாக்ஸி கிடைக்குமிடம்,
எந்த வளைவில் நாய்கள்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஏழாம் பொருள். எல்லோரும் இருந்தார்கள்.
பேனாவை மூடவில்லை.