அயடீன் 131, பெரியகல்லாறு

பதினாலு நாள் மீன் தின்னக்கூடாதென்று
மகரகமையில் எழுதிக் கொடுத்தார்கள்,
சிங்களத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள்.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
நடுவில் றோட்டளவு நிலத்தில் இருக்கிறவளுக்குக்
கூனிச் சுண்டல் இல்லை,
கடை உப்பும் இல்லை.
கழுத்தைப் பட்டினி போட்டால்தான்
தருவதை வாரி விழுங்குமாம்.

விழுங்கியது.
ஈயப் பேணிக்குள்ளிருந்து ஒரேயொரு குளிசை.
நீட்டியவர் உடனே கதவுக்கு அப்பால் போய் நின்றார்.
அந்த நிற்பை எனக்குத் தெரியும்.
செறிந்த அமிலப் போத்தலைத் திறந்துவைத்து
நானும் அப்படித்தான் தள்ளி நிற்பேன்,
பதினேழு வருடமாய்ப் பாடசாலை ஆய்வுகூடத்தில்
குழாய் கழுவுகிறவள்.
சுவரில் தொங்கும் ஆவர்த்தன அட்டவணையில்
ஐம்பத்து மூன்றாம் பெட்டியை
எத்தனை தரம் தூசி தட்டியிருப்பேன்.
தொண்டைக்குள் குடிவருமென்று கண்டேனா.

எங்கோ ஓர் உலைக்குள்
யுரேனியத்தின் கரு பிளந்து
தெறித்த துண்டுகளில் இதுவும் ஒன்று.
கரு என்று இரசாயனப் புத்தகத்தில் வாசிக்கும்போதெல்லாம்
வயிற்றுக்குப் போகும் என் கை.
கம்ஷிகாவும் அப்படித்தான் தொடங்கினாள்:
இரண்டு பாதி ஒன்றாகி,
ஒன்று இரண்டாகி.

எட்டு நாளில் பாதி.
அடுத்த எட்டில் பாதியின் பாதி.
விமலகாந்தன் சீமெந்து நிலத்தை அளந்து
சாக்கட்டியால் கோடு போட்டார்.
இதுக்கு அங்கால அம்மா.
தட்டு வேறு, கோப்பை வேறு,
கக்கூசில் இரண்டு தரம் தண்ணீர்.
தூரம் இரட்டித்தால் கதிர் காலாகும் என்று
நான்தான் சொன்னேன், வாய் சும்மா கிடக்காமல்.
மனுசன் கோட்டை அழித்து
இரண்டு மடங்கு தள்ளிப் போட்டது.

பீற்றாக் கதிர் இரண்டு மில்லிமீற்றருக்குள்
கெட்ட கலத்தைக் கொன்று அங்கேயே அடங்கும்.
காமாவுக்குத்தான் வீட்டுக்குள் இருக்கத் தெரியாது.
தோலையும் சட்டையையும் கடந்து
கோட்டுக்கு அங்கால் நிற்கிற
நாலு வயதைப் பார்க்கப் போகும்.
நான் போகக்கூடாது.
அது போகும்.

ஆறாம் இரவு கரண்ட் போனது.
விழித்தால் கால்மாட்டில் ஒரு மூச்சு.
பாயையும் இழுத்து வந்திருக்கிறாள், கள்ளி.
கெந்திக்கோடு விளையாடுகிற மாதிரிக்
கோட்டை மிதிக்காமல் தாண்டியிருப்பாள்.
ஒரு முழத்தில் தலைமயிர், எண்ணெய் மணம்.
தொட்டால் ஒன்றும் வெடித்துவிடாது.
எவ்வளவு சின்ன எண் அது என்றும் தெரியும்.
எனக்கென்றால் இரண்டாய்க் கேட்டிருப்பேன்.
எழும்பி, அவளைச் சுற்றிக்கொண்டு,
சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

வள்ளங்கள் இறங்கிவிட்ட கடற்கரையில்
ஆளில்லாத தூரம் நிறையக் கிடந்தது.
பிறகு வந்தது,
ஐதரசனை ஐதரசனோடு நெரித்து நெரித்து
ஈலியமாக்கும் அந்த அடுப்பு.
அதுவும் தள்ளித்தான் நிற்கிறது,
பதினைந்து கோடிக் கிலோமீற்றருக்குக் கோடு போட்டு.
அதைக் கல்நெஞ்சுக்காரியென்று யாரும் சொல்வதில்லை.

என் கழுத்துக்குள் அந்நேரமும்
அயடீன் ஒவ்வொன்றாய்ச் செனனாகிக்கொண்டிருந்தது.
ஒரு நியூத்திரன் புரோத்தனாகி,
ஒரு பெட்டி தள்ளி, ஐம்பத்து நாலு.
இலகுவில் எவரோடும் சேராத வாயு.
மூச்சோடு விட்டேன்.
கச்சான் காற்று வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோனது.

திரும்பி வந்தபோது கோட்டில் நின்றாள்,
வாயெல்லாம் பற்பசை, முகமெல்லாம் கோபம்.
இன்னும் எத்தனையம்மா?
பாதி.
நேத்தும் பாதியெண்டுதானே சொன்னீங்க?
ஓம் மகள்.

கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு சாக்கட்டியை எடுத்து
குந்தியிருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு,
பழைய கோட்டுக்குப் பக்கத்தில்
என் பக்கமாய் ஒரு விரற்கடை தள்ளி
இன்னொரு கோடு கீறினாள்.