நாற்பது நிமிடம்

மாங்குளத்தில் கரண்ட் போன நேரம்
என் கதைக்காரி வியாழனின் நிலவொன்றில்
பனியைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.
வயது பதினாலு.
தாயை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்திருந்தேன்.
தாய் இருந்தால் அவ்வளவு தூரம் விடுவாளோ?

முதல் புத்தகம். விடிய அச்சுக்குப் போக வேணும்.
சின்னவனுக்குக் காய்ச்சல்.
இவர் லான்ட்மாஸ்டரோடு ஒட்டுசுட்டானில் நிற்கிறார்.

போன் வெளிச்சத்தில் தாள்களைப் புரட்டிய கயல்வதனி கேட்டாள்:
"அங்கயிருந்து கதைச்சால் பூமிக்குக் கேட்க எவ்வளவு நேரம்?"
நாற்பது நிமிடம், கிட்டத்தட்ட.
"பரவாயில்லை.
நான் ஏழு மணிக்குக் கூப்பிட்டது
உங்களுக்கு எட்டு மணிக்குத்தானே கேட்டது."

அவள் சிரிக்கவில்லை.
குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது.

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன்.
செத்தவள் எழும்பினாள்.
பெரிய கட்டுப்பாட்டறை ஒன்றும் கொடுக்கவில்லை,
அடுப்படியில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான்.
"சாப்பிட்டியோ?" என்று அனுப்பிவிட்டு
விறகைத் தள்ளிவைக்கிறாள்.
போக நாற்பது. வர நாற்பது.
அதுவரைக்கும் அவளுக்கும் வேலை கிடக்கு.

பேனையை மூடிவிட்டுப் போய்
சின்னவனின் நெற்றியில் கை வைத்தேன்.

உடனே சுட்டது.